பழைய பிரதியின் மேல்வரி

அடைத்து வைத்த இணையத்தளத்தைத் திறந்து காட்ட அந்தக் காலத்தில் மட்டக்களப்புப் புளியந்தீவில் என்னை விட்டால் ஆள் இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை என்று தொடங்குவது எனக்குப் பிடிக்காது. பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

நான் வேலைக்கு நின்றது ஒரு கொமியூனிகேஷன் கடையில். முன்னுக்கு இரண்டு தொலைபேசிக் கூண்டு, ஒரு போட்டோக்கொப்பி மெஷின். பின்னுக்குப் பலகை அடித்துப் பிரித்த தடுப்புகளில் ஐந்து கணினி. யன்னலைத் திறந்தால் வாவிக் காற்று வரும். கூடவே மீன் மணமும் வருமென்று முதலாளி திறக்க விடமாட்டார். அவர் காத்தான்குடிக்காரர், கட்டாரில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். கணினியில் எங்கே தொட்டால் என்ன நடக்கும் என்று தெரியாததால் தொடுகிற வேலை முழுவதையும் என்னிடம் விட்டிருந்தார்.

எனக்குக் கணினி பழகியது சுனாமியால். கடல் வந்து போன பிறகு ஒரு நிவாரணக் கந்தோரில் பெயர்ப் பட்டியல் தட்டச்சுச் செய்யும் வேலை கிடைத்தது. பள்ளிக்கூட முகாம்களில் இருப்பவர்கள், ஆஸ்பத்திரியில் இருப்பவர்கள், இன்னும் கிடைக்காதவர்கள் என்று தனித்தனிப் பட்டியல். சுவரில் ஒட்டுவோம். சனம் விரல் வைத்து வைத்துத் தேடும். ஒருநாள் ஒரு தகப்பன் காலையில் ஒட்டிய பட்டியலைப் பின்னேரம் வந்து பார்த்துவிட்டு, பிள்ளையின் பெயர் இல்லையென்று சுவரோடு சரிந்து இருந்து அழுதார். பிள்ளை மத்தியானமே ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்திருந்தது. புதிய பட்டியல் பசை இல்லாமல் என் மேசையில் கிடந்தது. அன்றிலிருந்து, மேலே திகதியும் நேரமும் எழுதாத எந்தப் பட்டியலையும் நான் சுவருக்குப் போக விட்டதில்லை. எழுத மறந்தவர்களை நாலு பேருக்கு முன்னால் வைத்து ஏசியிருக்கிறேன். வாசிப்பவர்கள் இந்த ஏச்சை நினைவில் வைத்துக்கொள்ளவும்.

கடைக்கு நான் வந்த காலத்தில் வன்னியில் சண்டை இறுகிக்கொண்டிருந்தது. அங்கே என்ன நடக்கிறதென்று எழுதிய தமிழர்களின் செய்தித்தளம் ஒன்றை நாட்டுக்குள் யாரும் பார்க்க முடியாதபடி அடைத்துவிட்டார்கள். முகவரியை அடித்தால் கொஞ்ச நேரம் சும்மா இருக்கும், பிறகு பக்கத்தைக் காட்ட முடியவில்லை என்று வரும். கடைக்கு வருகிறவர்கள் கணினி பழுது என்பார்கள். கோபத்தில் அதன் தலையில் தட்டியவர்களும் உண்டு.

வழி எனக்குத் தற்செயலாகத்தான் கிடைத்தது. கன்னியாஸ்திரி ஒருவர் தங்கள் சபையின் இத்தாலிப் பக்கத்தை ஆங்கிலத்தில் வாசித்துத் தரச் சொன்னார். மொழிபெயர்க்கும் தளம் ஒன்றில் அந்த முகவரியைப் போட்டேன், பக்கம் முழுவதும் ஆங்கிலமாக வந்து நின்றது. மேலே பார்த்தால், முகவரிப் பெட்டியில் இருப்பது சபையின் முகவரி இல்லை, மொழிபெயர்க்கும் தளத்தின் முகவரி. அப்போதுதான் விளங்கியது. நாங்கள் அந்தப் பக்கத்துக்குப் போகவே இல்லை. மொழிபெயர்ப்புத் தளம்தான் போய், எடுத்துக்கொண்டு வந்து எங்களுக்குக் காட்டுகிறது. வாசலில் நிற்கிறவன் என்னைத்தானே போக விடமாட்டான்? பக்கத்து வீட்டுக்காரியைக் கடைக்கு அனுப்பினால் அவனுக்கு எப்படித் தெரியும்?

கன்னியாஸ்திரி போனதும் அடைபட்ட முகவரியை அதே பெட்டியில் போட்டு, இத்தாலியிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்று என்றேன். அது ஏற்கெனவே ஆங்கிலப் பக்கம். அந்தத் தளம் இத்தாலியைத் தேடிப் பார்த்து, ஒன்றும் கிடைக்காமல், பக்கத்தை இருந்தபடியே கொண்டுவந்து தந்தது. படங்கள் மட்டும் வரவில்லை, அவை இருக்க வேண்டிய இடங்களில் வெறும் பெட்டிகளும், குறுக்கே கோடு வெட்டிய சிவப்புப் புள்ளடிகளும். எழுத்து ஒன்றுகூடக் குறையவில்லை. எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தில் ஒரு பிளேன்டீயை இரண்டு தரம் சீனி போட்டுக் குடித்தேன்.

ஒரு வழி அடைபட்டால் இன்னொன்று வேண்டுமென்று மேலும் தேடினேன். பெரிய பக்கத்தைக் கைத்தொலைபேசிக்கு ஏற்றபடி சுருக்கித் தரும் தளம் ஒன்று இருந்தது, அதுவும் தானே போய் எடுத்து வரும். தேடுபொறியிலும் ஒரு வழி இருந்தது. அது தான் பார்த்த ஒவ்வொரு பக்கத்தையும் தன்னிடம் ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கும். தேடல் முடிவின் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் இணைப்பைத் தொட்டால் அந்தச் சேமித்த பிரதி திறக்கும். எல்லாம் மாணவர்களும் கணக்காளர்களும் நாளாந்தம் பாவிக்கிற சாமான்கள். ஒளித்து வைத்த மென்பொருள் ஒன்றுகூட எங்கள் கடையில் இருந்ததில்லை. வந்து தேடினாலும் பிடிக்க ஒன்றும் இல்லை.

முதலாளி ஒருநாள் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தார்.

"என்ன புள்ள பாக்காய்?"

"மொழிபெயர்ப்பு, முதலாளி. இத்தாலியில இருந்து."

திரையில் வன்னிச் செய்தி. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு வரி வாசித்தார். "இத்தாலியிலயும் ஷெல் அடிக்கானுகளா?" என்று கேட்டுவிட்டு முன்னுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் இதைப் பற்றிப் பேசியதே இல்லை. ஆனால் அன்றிலிருந்து கதிரையை வாசலோடு இழுத்துப் போட்டு இருந்தார். சீருடைக்காரர் யாராவது படியேறினால், தெருமுனைக்கும் கேட்கும்படி "வாங்க சேர், டீ குடிக்கிறதா?" என்பார். நான் பக்கத்தை மூடிவிட்டுப் பரீட்சைப் பெறுபேறு பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்தக் கடைக்குத்தான் களுதாவளையிலிருந்து அவள் வந்தாள். என்னைவிட நாலைந்து வயது குறைவு. கையில் பச்சை மிளகாய்ச் சாக்கை மடித்து வைத்திருந்தாள். சந்தையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். புருஷன் மேசன். சுனாமிக்குப் பிறகு முல்லைத்தீவுக் கரையில் வீடு கட்டும் வேலைக்கென்று போனவன். ஆறு மாத வேலை. அதற்குள் பாதை பூட்டிவிட்டார்கள். அவன் அங்கே, அவளும் ஒரு மகளும் இங்கே.

"மிஸ், இஞ்ச காயப்பட்ட ஆக்கள்ற லிஸ்ட் பாக்கலாமாம்," என்றாள்.

மிஸ் என்று கூப்பிட வேண்டாம், அக்கா என்று சொல் என்றேன். கதையை நின்றுகொண்டே சொன்னாள். வன்னியிலிருந்து தப்பி முகாமுக்கு வந்த ஒருவர், புருஷனின் தமையனுக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். ஷெல் விழுந்ததைக் கண்டதாகவும் அவன் முடிந்துவிட்டதாகவும் செய்தி. ஷெல் விழுந்து இரண்டு கிழமை. தமையன்மார் நாளை எண்ணி முப்பத்தோராம் நாள் சடங்குக்கு ஆயத்தம் செய்கிறார்கள்.

"உடம்பக் கண்டதா அந்த ஆள்?"

"இல்ல அக்கா. ஷெல் விழுந்ததத்தான் கண்டதாம்."

"மறுகா என்னத்துக்கு முப்பத்தொண்டு?"

"மாமிக்கு ஆத்துமா அலையுமெண்டு பயம். என்ட வளவுக்க அமுது படைக்க விடமாட்டன் எண்டு சொல்லிப்போட்டன்."

எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்கு. கலியாணம் முடித்த ஆண்தான் பெண்ணின் வீட்டுக்கு வந்து இருப்பான். அதனால் அந்த வளவில் அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஆனால் அவர்கள் தாய் வீட்டில் செய்யப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். எங்கே செய்தாலும் செய்து முடிந்தால் ஊர் அவளை விதவையாகத்தான் பார்க்கும். பொட்டு அழியும், தாலி கழற்ற வேண்டும், மகளுக்குத் தகப்பன் இல்லை. அவளுக்கு வேண்டியது ஒரு கடதாசி. அவன் உயிரோடு இருக்கிறான் என்று, தமையன்மாரின் முகத்துக்கு முன்னால் நீட்டக்கூடிய ஒரு கடதாசி.

"நான் எடுத்துத் தாறன், நீ அழாத," என்றேன். அவள் அழவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

அப்போது காயக்காரரைக் கப்பலில் ஏற்றித் திருகோணமலைப் பக்கம் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தச் செய்தித்தளம் ஒவ்வொரு கப்பலின் பட்டியலையும் ஒரே பக்கத்தில் போடும். புதியது வந்ததும் பழையதை எடுத்துவிடும். அவள் ஒவ்வொரு நாளும் மிளகாயைக் கொடுத்துவிட்டு வருவாள். நான் இத்தாலி வழியாகப் பக்கத்தைத் திறப்பேன். இருவரும் மேலிருந்து கீழே பார்ப்போம். பெயர், வயது, ஊர், காயம். அத்தனை பேரும் வன்னி ஊர்க்காரர். களுதாவளை வரவில்லை. அவள் எழும்பி, மடித்த சாக்கை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போவாள்.

ஆறாம் நாள் இத்தாலி வழி திறக்கவில்லை. அடைத்தவர்கள் அதையும் கண்டுபிடித்திருக்க வேண்டும். கைத்தொலைபேசி வழியும் பாதியில் நின்றது. அவள் பக்கத்தில் இருந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவளுக்கு முன்னால் தோற்கப் பிடிக்கவில்லை. தேடுபொறியில் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடி, அடியில் இருந்த சேமித்த பிரதியைத் தொட்டேன். பட்டியல் வந்தது. தலைப்பில் இன்று வந்து சேர்ந்தவர்கள் என்று இருந்தது. நடுவில் ஒரு வரியில் அவனுடைய பெயர், வயது முப்பத்து நான்கு, களுதாவளை, மட்டக்களப்பு, இடது கால்.

அவள் திரையில் அந்த வரியின் மேல் விரலை வைத்தாள். வைத்த விரலை எடுக்கவே இல்லை. நான் அச்சடிக்கக் கொடுத்தேன். முதல் தாள் மெஷினில் கோணலாகிக் கசங்கி வந்ததால் அதைப் பின்பக்கம் எழுதலாம் என்று மேசை லாச்சியில் போட்டுவிட்டு, இரண்டாவது தாளை அவளிடம் நீட்டினேன்.

"இண்டைக்குத்தான் இறக்கியிருக்கானுகள். நாளைக்கு விடிய பஸ்ஸெடுத்துப் போ. திருகோணமலை ஆஸ்பத்திரி வாட்டில இருப்பார்," என்றேன். அவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன். அவன் படுத்திருக்கும் கட்டிலைக் கண்டவள் மாதிரிச் சொன்னேன்.

மகளை மாமியிடம் விடாமல் அயல் வீட்டில் விட்டுவிட்டு அவள் தனியாகப் போனாள். போகவும் வரவும் மூன்று நாள். திரும்பி வந்தபோது அதே சேலை. கண் உள்ளே போயிருந்தது.

"அந்தக் கப்பல்ல வந்த ஆக்கள் ஒருத்தரும் அங்க இல்ல அக்கா. போன கிழமையே பிரிச்சு வேற வேற ஊருக்கு அனுப்பிப்போட்டாங்களாம். எங்கயெண்டு தெரியாதாம்."

"போன கிழமையோ? அவனுகளுக்கு என்ன தெரியும். பொய் சொல்லுறானுகள்," என்றேன். அவள் என்னை ஒருதரம் பார்த்துவிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

அவள் போன பிறகு லாச்சியைத் திறந்து கசங்கிய தாளை எடுத்து நீவினேன். பக்கத்தின் உச்சியில், தளத்தின் பெயருக்கும் மேலே, சின்ன எழுத்தில் ஒரு வரி. இது எங்களிடம் உள்ள சேமித்த பிரதி, இந்தத் திகதியில் இந்த நேரத்தில் இந்தப் பக்கம் இப்படி இருந்தது. திகதி, நான் அச்சடித்த நாளுக்கு ஒன்பது நாள் முந்தியது.

பட்டியலுக்கு மேலே நேரம் எழுதாதவர்களை ஏசிய அதே நான், நேரம் எழுதிய பட்டியலை வைத்துக்கொண்டு மேலே பார்க்கவில்லை. பழைய கப்பலின் ஆளைத் தேடி அவளை மூன்று நாள் அலைய விட்டிருக்கிறேன். வெட்கம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் முழுதாகத் தெரிந்தது. அதைவிடக் கேவலம், நான் அவளிடம் சொல்லவில்லை. அடுத்த நாள் வந்தால் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த நாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. முப்பத்தோராம் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர்களோடு எரிந்து விழுந்தேன். முதலாளி, "என்ன புள்ள, இத்தாலியில பிரச்சினையா?" என்று கேட்டபோது, மெஷினுக்குத் தாள் முடிந்துவிட்டது என்றேன்.

முப்பத்தொன்றுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவள் கடைப் படியேறி வந்தாள். இந்த முறை அழுதுகொண்டு வந்தாள்.

"ஆள் கிடைச்சிட்டார் அக்கா."

காணாமல் போனவர்களைத் தேடிக் கொடுக்கும் கந்தோர் ஒன்று நகரத்தில் இருந்தது. திரும்பி வந்த மறுநாள் அவள் நேரே அங்கே போயிருக்கிறாள். அங்கே உள்ளவர்கள் அவள் கொடுத்த கடதாசியைப் பார்த்து, எந்தத் திகதிக் கப்பல் என்று தெரிந்ததால் அந்தக் கப்பலில் வந்தவர்களை எந்தெந்த ஊருக்குப் பிரித்தார்கள் என்று ஒவ்வோர் இடமாகத் தொலைபேசியில் விசாரித்திருக்கிறார்கள். மூன்றாவது ஊரின் ஆஸ்பத்திரியில் இருந்தான். முழங்காலுக்குக் கீழே இடது காலை எடுத்துவிட்டார்கள். உயிர் இருந்தது. அவன் செத்த நாள் என்று தமையன்மார் எண்ணத் தொடங்கிய நாளுக்குப் பதினொரு நாள் கழித்துத்தான் அந்தக் கப்பலே வந்திருந்தது. கடதாசியை மாமியின் மடியில் வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னாள். நான் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அப்போதும் சொல்லவில்லை. சந்தோஷத்துக்கு நடுவில் எதற்கு என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவனை முகாமுக்குக் கொண்டுபோய், விசாரணை எல்லாம் முடித்து, வீட்டுக்கு விட ஒன்றரை வருடம் எடுத்தது. அதற்குள் சண்டை முடிந்திருந்தது. அந்தத் தளம் மட்டும் பிறகும் அடைபட்டே இருந்தது, நானும் பிறகும் திறந்துகொண்டே இருந்தேன். ஒரு வித்தியாசம், எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முதலில் உச்சியைப் பார்ப்பேன்.

அவன் வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் களுதாவளைக்கு வரச் சொன்னாள். போனபோது அவன் ஒரு முக்காலியில் இருந்து கிணற்றுக்கட்டு பூசிக்கொண்டிருந்தான். மகள் சாந்துச் சட்டியை நகர்த்திக் கொடுத்தாள். நல்ல நேர்த்தியான பூச்சு. என்னைக் கண்டதும் கரணையைக் கீழே வைத்துவிட்டு எழும்பப் பார்த்தான், இருங்கள் என்றேன்.

அவள் உள்ளே போய் அந்தக் கடதாசியை எடுத்து வந்தாள். பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தாள். நான் வாங்கிப் பார்த்தேன். உச்சியில் இருந்த சின்ன வரியின் கீழே நீலப் பேனையால் ஒரு கோடு இழுத்திருந்தது. கந்தோர்க்காரர் இழுத்திருப்பார் என்று நினைத்தேன். இதற்கு மேலும் வைத்திருக்க முடியாமல் சொன்னேன்.

"புள்ள, அண்டைக்கு நான் இந்தத் திகதியப் பாக்கயில்ல. பழைய கடதாசியத் தந்து உன்ன அலைய விட்டன். நீ திரும்பி வந்தாப் பிறகு கண்டுட்டன், சொல்லப் பயந்திட்டன்."

அவள் சிரித்தாள்.

"அது எனக்குத் தெரியும் அக்கா. போகக்குள்ள பஸ்ஸிலயே வாசிச்சிட்டன். அந்தக் கோடு நான்தான் இழுத்த."

கடதாசியை மடியில் வைத்துவிட்டுக் கேட்டேன்.

"மறுகா ஏன் பாதியில திரும்பி வரல்ல?"

"பழைய திகதியெண்டாலும் அண்டைக்கு உசிரோட இருந்திருக்கார் தானே. அதக் கேக்க ஒரு இடம் வேணும். அதான் போனன்."

"என்னட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்க பயந்திருவீங்க. நீங்க பயந்தா மறுகா எனக்கு ஆர் தேடித் தாற?"

அவள் தேத்தண்ணி போட உள்ளே போனாள். நான் கடதாசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அந்த நீலக் கோடு நேராக இல்லை. ஏறி இறங்கி, ஓர் இடத்தில் எழுத்தையே வெட்டிக்கொண்டு போயிருந்தது. அவள் தேத்தண்ணியோடு வந்ததும், எங்கள் ரோட்டில் பஸ்ஸில் இருந்து கோடு இழுத்தால் இப்படித்தான் வரும் என்றேன்.

"இல்ல அக்கா," என்றாள் கோப்பையை நீட்டியபடி. "வாழைச்சேனைக்கு அங்கால செக்கிங்குக்கு எல்லாரையும் இறக்கிப்போட்டாங்க. கடைசியா இறங்க இருந்த நான் மட்டுந்தான் உள்ளுக்க. கோடு இழுக்கக்குள்ள பஸ் ஆடாம நிண்டது."